யாருடைய போர்? யாருடைய பிணம்?

நம் வீட்டுச் சாம்பார் கொதிக்கும்போது எழும் பெருங்காய மணத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஊரைவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து பத்துக்குப் பத்து அறையில் குடித்தனம் நடத்தினாலும், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் பெருங்காய டப்பா ஒன்று இருக்கும். அந்தப் பெருங்காயம் நம் மண்ணில் விளைவதன்று. ஆப்கானிஸ்தானின் வறண்ட மலைச்சரிவுகளில் ஒரு செடியின் வேரைக் கீறி, அதில் வடியும் பாலை உறையவைத்து, சுரண்டி எடுத்து அனுப்புகிறார்கள் அந்நாட்டு ஏழை மக்கள். இந்தியாவில் அதைப் பயிரிடும் முயற்சியே 2020இல்தான் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கியது. நமக்கு வந்துசேரும் சரக்கில் பெரும்பங்கு ஆண்டாண்டு காலமாக ஆப்கன் மலைகளின் கொடைதான்.

"எங்கேயோ மலைக்கு அப்பால் நடந்த சண்டை. அதற்கு நம் சங்கத்து இதழில் எதற்குத் தலையங்கம்? ரேஷன் கார்டு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று நமக்கு ஆயிரம் கவலை இல்லையா?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் பிழைக்க வந்த இடத்தில் "நீ யார், எந்த ஊர், எப்போது கிளம்புவாய்?" என்ற கேள்வியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துப்பாக்கி முனையில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மக்கள் கூட்டத்தின் கதை நமக்கு அந்நியமாக இருக்க முடியாது.

நாடு கெட்ட கதை

போருக்கு முன் ஆப்கானிஸ்தான் பொன்னுலகமாக இருந்தது என்று நாம் கதை கட்டவில்லை. அது ஏழை நாடு. எழுத்தறிந்தவர் சிலரே. ஆனால் அது நாடாக இருந்தது. 1964ஆம் ஆண்டு அரசியலமைப்பு பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. காபூல் பல்கலைக்கழகத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். திராட்சைத் தோட்டமும் மாதுளைத் தோட்டமும் ஆட்டு மந்தையுமாக மக்கள் வயிறு வளர்த்தார்கள்.

1973இல் மன்னராட்சி கவிழ்ந்தது. 1978 ஏப்ரலில் இராணுவப் புரட்சி ஒன்று நடந்தது. நிலச் சீர்திருத்தம், பெண் கல்வி என்று நல்ல பெயர்களோடுதான் புதிய ஆட்சி வந்தது. ஆனால் கிராமத்து மக்களைக் கேட்டுச் செய்ய வேண்டியதைச் சிறையாலும் தூக்குமேடையாலும் செய்ய முற்பட்டது. கிராமங்கள் கொதித்தெழுந்தன. அந்தக் கொதிப்பில் குளிர்காய வந்தவர்கள் இருவர். 1979 டிசம்பரில் சோவியத் படை நேரடியாக நுழைந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்பே, அந்த ஆண்டு ஜூலையில், கலகக்காரர்களுக்கு மறைமுக உதவி செய்ய அமெரிக்க அதிபர் கார்ட்டர் ஒப்புதல் அளித்திருந்தார். பிறகு பாகிஸ்தான் வழியாக ஆயுதம் ஆறாகப் பாய்ந்தது. சவூதி அரேபியா பணம் கொட்டியது. 1986இல், தோளில் வைத்துச் சுட்டு விமானத்தை வீழ்த்தும் ஏவுகணைகூட மலைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆயுதம் மட்டுமா போனது? அமெரிக்க வரிப்பணத்தில் ஆப்கன் குழந்தைகளுக்குப் பாடப் புத்தகங்களும் அச்சாகிப் போயின. அவற்றில் சில கணக்குப் புத்தகங்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் எண்ணி எண்ணிக் கணக்குக் கற்றுக்கொடுத்தன. நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் மாங்காய் எண்ணிப் படித்தார்கள். அந்தப் பிள்ளைகள் தோட்டா எண்ணிப் படித்தார்கள். அப்படிப் படித்த தலைமுறை வளர்ந்து துப்பாக்கி தூக்கியபோது, "இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்?" என்று வியந்தவர்களும் அந்த வல்லரசுக்காரர்களே.

1989 பிப்ரவரி 15இல் சோவியத் படை வெளியேறி முடிந்தது. அதன் வீரர்களில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டிருந்தனர். அவர்களும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளே. ஆப்கானியரில் மாண்டோர் சுமார் 10 இலட்சம் என்று மதிப்பிடப்படுகிறது. பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் ஓடியவர்கள் 60 இலட்சத்துக்கும் அதிகம். தெருவில் மூன்று வீடு இருந்தால் ஒரு வீடு காலி என்று எண்ணிப் பாருங்கள்.

அந்நியன் போனான், அமைதி வரவில்லை. சோவியத்தை எதிர்த்த குழுக்கள் 1992இல் காபூலைப் பிடித்து, பிடித்த கையோடு ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. அந்தச் சகோதரச் சண்டையில் தலைநகரின் பெரும்பகுதி கற்குவியலானது. "ஒழுங்கைக் கொண்டுவருகிறோம்" என்று 1994இல் காந்தகாரில் கிளம்பிய தாலிபான்கள், 1996 செப்டம்பரில் காபூலைப் பிடித்தார்கள். பெண்களை வீட்டுக்குள் பூட்டினார்கள். 2001 மார்ச்சில், சுமார் 1,400 ஆண்டுகளாகப் பாமியான் மலையில் நின்ற புத்தர் சிலைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் ஒளிந்திருந்ததும் அவர்கள் நிழலில்தான்.

2001 அக்டோபர் 7இல் அமெரிக்கக் குண்டுவீச்சு தொடங்கியது. இருபது ஆண்டு நடந்த அந்தப் போரில் அமெரிக்கா செலவழித்தது 2 இலட்சம் கோடி டாலருக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முடிவு என்ன? 2021 ஆகஸ்ட் 15இல் அதே தாலிபான்கள் காபூலுக்குள் நடந்து வந்தார்கள். ஆப்கன் இராணுவத்திலும் காவல்துறையிலும் 60,000க்கு மேற்பட்டோர், பொதுமக்களில் 40,000க்கு மேற்பட்டோர், அமெரிக்க வீரர் 2,400க்கு மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள். போரைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை இந்தக் கணக்கில் இருக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள்.

குண்டு ஆள் பார்ப்பதில்லை

பயங்கரவாதம் யாரைக் கொல்கிறது? மாளிகையில் இருப்பவரையா? 2020 மே மாதம் காபூலின் மேற்கே ஹசாரா மக்கள் வாழும் பகுதியில், ஒரு மருத்துவமனையின் பிரசவப் பிரிவுக்குள் துப்பாக்கிக்காரர்கள் நுழைந்தார்கள். பிரசவ வலியோடு கிடந்த தாய்மாரைக் கட்டிலிலேயே சுட்டார்கள். மறு ஆண்டு மே மாதம், அதே பகுதியில் பள்ளி விட்டு வீடு திரும்பிய சிறுமிகளுக்கு நடுவே குண்டுகள் வெடித்தன. 80க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2022 செப்டம்பர் 30இல், அங்கேயே ஒரு கல்வி நிலையத்தில் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி எழுதிக்கொண்டிருந்த இளம்பெண்களை ஒரு தற்கொலைக் குண்டு கொன்றது. 2020 மார்ச்சில் காபூல் குருத்வாராவில் வழிபட்டுக்கொண்டிருந்த சீக்கியர் 25 பேர் கொல்லப்பட்டனர். இந்த நான்கு இடங்களிலும் செத்தவர்கள் கருவுற்றவள், படிக்கிறவள், கும்பிடுகிறவர். எந்த மதத்தின் பேரால் இதைச் செய்தாலும் அந்த மதத்துக்கே அது அவமானம்.

அரசுகளின் குண்டு மட்டும் ஆள் பார்த்து விழுந்ததா? 2015 அக்டோபர் 3இல் குண்டூஸ் நகரில், எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய மருத்துவமனையின்மீது அமெரிக்க விமானம் குண்டு பொழிந்து 42 பேரைக் கொன்றது. 2021 ஆகஸ்ட் 29இல், கிளம்பும் அவசரத்தில் பயங்கரவாதி என்று எண்ணி ஆளில்லா விமானம் தாக்கியதில் 10 பேர் செத்தனர். அவர்களில் 7 பேர் குழந்தைகள். "தவறு நடந்துவிட்டது" என்று பின்னர் ஒப்புக்கொண்டார்கள். தவறு செய்தவன் தலையில் ஒரு மயிர்கூட உதிரவில்லை. பயங்கரவாதியின் குண்டைக் கண்டிக்கும் நாவு வல்லரசின் குண்டைக் கண்டு ஊமையாகக் கூடாது. வல்லரசைத் திட்டும் நாவு பயங்கரவாதிக்குச் சாக்குச் சொல்லவும் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

இறந்தவர் கணக்கோடு போர் முடிவதில்லை. மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடி, புதைத்தவன் செத்த பிறகும் சாகாமல் காத்திருக்கிறது. ஆடு மேய்க்கப்போன சிறுவனின் காலை அது வாங்குகிறது. காபூலில் 1988இலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் செயற்கைக் கால் செய்து தரும் நிலையம் நடத்துகிறது. அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தாமும் கால் இழந்தவர்கள், உடல் ஊனமுற்றவர்கள். ஒருவருக்கொருவர் கால் செய்து கொடுத்து ஒரு நாடு நடக்கிறது! ஆப்கன் மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதுகிற பேனாக்காரர்கள் அந்தப் பட்டறையை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

வாய்க்கால் உடைந்த வயலில் கோதுமை விளையாது, அபினி விளையும். உலக அபினியில் பெரும்பங்கு ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த காலம் இருந்தது. வியாபாரி விளைச்சலுக்கு முன்பே பணம் கொடுப்பான். பயிர் அழிந்தால் கடன் நிற்கும். கடனை அடைக்க மகளையே கொடுத்த குடும்பங்களும் உண்டு. 2022 ஏப்ரலில் தாலிபான் அரசு அபினிப் பயிரைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டே சாகுபடி 95 சதவீதம் குறைந்ததாக ஐ.நா. சொன்னது. நல்லதுதான். ஆனால் மாற்றுப் பயிருக்கு விதை, நீர், கடன் எதுவும் இல்லாத ஏழை உழவன் அடுப்பில் எதை ஏற்றுவான்?

மலை தாண்டி வந்த நெருப்பு

பக்கத்து வீட்டில் தீ வைத்தவன் தன் கூரையைக் காக்க முடியாது. ஆயுதம் போன பாதையாக இருந்த பாகிஸ்தான் அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமன்று. 2014 டிசம்பர் 16இல் பெஷாவரில் ஓர் இராணுவப் பள்ளிக்குள் புகுந்து 130க்கு மேற்பட்ட மாணவர்களைக் கொன்றார்கள். அந்தக் குழந்தைகள் யாருக்கு எதிரி?

நம் நாட்டுக்கும் அந்த நெருப்பு வந்தது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தகாரில் நாள்கணக்கில் நின்றதும், மூன்று கைதிகளை விடுவித்துப் பயணிகளை மீட்டதும் மூத்தோர்க்கு நினைவிருக்கும். 2008 ஜூலை 7இல் காபூல் இந்தியத் தூதரக வாயிலில் வெடித்த குண்டு 50க்கு மேற்பட்டோரைக் கொன்றது. செத்தவர்களில் நம் தூதரக அதிகாரிகளும் உண்டு. விசா வாங்க வரிசையில் நின்ற ஆப்கானியரும் உண்டு.

இன்னொரு செய்தி நம் போன்றோர் நெஞ்சில் தைக்க வேண்டியது. ஈரான் எல்லையிலுள்ள சரஞ்சிலிருந்து தெலாராம் வரை 218 கிலோமீட்டர் சாலையை இந்திய எல்லைச் சாலைகள் அமைப்பு போட்டுக் கொடுத்தது. அந்த வேலையில் லாரி ஓட்டப்போன கேரளத்து ஓட்டுநர் ஒருவரை 2005 நவம்பரில் கடத்திக் கொன்றார்கள். 2006 ஏப்ரலில் ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரும் வேறொரு பணியிடத்தில் அப்படியே கொல்லப்பட்டார். இருவரும் படை நடத்தப் போனவர்கள் அல்லர். வீட்டுக்குப் பணம் அனுப்பப் போனவர்கள். பக்ராம், காந்தகார் படைத்தளங்களில் சமையல், சலவை, துப்புரவு வேலைக்கு இந்தியா, நேபாளம் முதலிய ஏழை நாடுகளிலிருந்து எத்தனையோ பேரை ஏஜெண்டுகள் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வல்லரசு போர் நடத்துகிறது. ஏழை நாட்டுக்காரன் அதன் எச்சில் தட்டைக் கழுவுகிறான்.

இந்த வலை இன்னும் விரிந்தே இருக்கிறது. ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று நம்பிப்போன இந்திய இளைஞர்கள் உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டதையும், சிலர் பிணமாகத் திரும்பியதையும் 2024இல் படித்தோம். ஆகவே எச்சரிக்கிறோம்: போர் நடக்கும் நாட்டில் "பாதுகாப்பான இடம், இரட்டைச் சம்பளம்" என்று எந்த ஏஜெண்டு சொன்னாலும், அரசுப் பதிவு பெற்றவரா என்று பாராமல், ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லாமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

விரட்டப்படுவோர் வேதனை

போர் ஓய்ந்தது என்கிறார்கள். குண்டுச் சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் 2021க்குப் பின் நாட்டின் வெளிநாட்டு இருப்புப் பணம் முடக்கப்பட்டது. உதவிகள் சுருங்கின. தாலிபான்களைத் தண்டிப்பதாகச் சொல்லிப் பூட்டிய பெட்டியின் சாவி, ஆசிரியையின் சம்பளத்தையும் குழந்தையின் ரொட்டியையும் சேர்த்தே பூட்டியது.

தாலிபான்களோ தம் மக்களில் சரிபாதியைத் தாமே பூட்டினார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்ற தடை 2022 மார்ச்சில் உறுதியானது. அந்த டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடியது. 2024 டிசம்பரில் தாதிப் பயிற்சி, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிப் பயிற்சி இவற்றுக்கும் பெண்கள் போகக்கூடாது என்றார்கள். பெண்ணை ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பார்களாம். பெண் மருத்துவச்சியும் உருவாகக்கூடாது என்பார்களாம். அப்படியானால் நாளை பிறக்கப்போகும் குழந்தையைக் கையில் ஏந்தப்போவது யார்? படிப்பு மறுக்கப்பட்ட சமூகம் என்ன பாடுபடும் என்பதைப் பாட்டன் பூட்டன் காலத்துக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே இது அவர்கள் நாட்டு வழக்கம் என்று நாம் வாய் மூடமாட்டோம்.

வெளியே ஓடிப் பிழைத்தவர்களுக்காவது நிம்மதி உண்டா? 2023 அக்டோபரில் பாகிஸ்தான், ஆவணம் இல்லாத ஆப்கானியர் ஒரே மாதத்தில் வெளியேற வேண்டும் என்றது. 2025 ஜூனில் இஸ்ரேலோடு போர் மூண்டதும், ஈரான் தன் மண்ணிலிருந்த ஆப்கன் தொழிலாளரை ஒற்றர்கள் என்று சந்தேகித்துக் கூட்டங்கூட்டமாக விரட்டியது. அந்த ஓராண்டில் இரு நாடுகளிலிருந்தும் திரும்பியவர்கள் 20 இலட்சத்துக்கும் மேல். கட்டடம் கட்டியவன், செங்கல் சுட்டவன், குப்பை பொறுக்கியவன் எல்லாரும் ஒரு மூட்டையோடு எல்லையில் இறக்கிவிடப்பட்டார்கள். பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். "சொந்த நாடு" என்பதைக் கண்ணால் பாராதவர்கள். அங்கே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பெண் குழந்தை, எல்லை தாண்டியதும் பள்ளியில்லாதவளானாள்.

இதைப் படிக்கும்போது நம் மூத்தோர்க்கு ஏதாவது நினைவு வருகிறதா? 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் வேட்டி கட்டியவனைத் தேடி அடித்த நாட்கள். 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் பெங்களூரில் நம் குடிசைகள் எரிந்த இரவுகள். "எங்கள் வேலையைப் பறிக்கிறான், எங்கள் ஊரைக் கெடுக்கிறான்" என்ற பேச்சு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. நமக்குத் திரும்பிப் போக ஓர் ஊராவது இருந்தது. ஆப்கன் தொழிலாளிக்கு அதுவும் இல்லை.

நாம் கேட்பது

டில்லியில் லாஜ்பத் நகர், போகல் பக்கம் போனவர்கள், தந்தூர் அடுப்பில் நீள ரொட்டி சுடும் ஆப்கன் கடைகளைப் பார்த்திருப்பார்கள். மொழி தெரியாத ஊரில் ரொட்டி சுட்டுப் பிழைப்பது, மொழி தெரியாத ஊரில் இட்லி விற்றுப் பிழைத்த நமக்குப் புரியாததா? ஆனால் அவர்கள் எந்த உரிமையில் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், சட்டத்தில் தெளிவான விடை இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இயற்றவில்லை. அரசின் மனம் இரங்கினால் வாழ்வு, மாறினால் தாழ்வு.

2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தானின் இந்துவுக்கும் சீக்கியருக்கும் கதவு திறந்தது. அவர்கள் பட்ட பாட்டுக்கு அது வேண்டியதே. ஆனால் அதே பயங்கரவாதத்துக்குப் பலியான ஹசாரா முஸ்லிம் தாய்க்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. இன்னொன்றையும் மறவாதீர்: அதே சட்டத்தில் நம் ஈழத்து உறவுகளுக்கும் இடமில்லை. 1983 முதல் கடல் தாண்டி வந்து, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளை பெற்றுப் பேரன் கண்டுவிட்டார்கள். மதம் பார்த்து, நாடு பார்த்து அளக்கும் இரக்கத்தில், ஹசாராத் தாயும் ஈழத்துத் தாயும் ஒரே வாசலில் வெளியே நிற்கிறார்கள். நாம் ஒருத்திக்காக மட்டும் குரல் கொடுத்தால் அது பாசம். இருவருக்காகவும் கொடுத்தால்தான் அது நீதி.

2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் டில்லிக்கு வந்தார். முதல் பத்திரிகையாளர் கூட்டத்தில் பெண் நிருபர்களுக்கு இடமில்லாமல் போனது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு, இரண்டு நாள் கழித்துப் பெண்களையும் அழைத்துக் கூட்டம் நடத்தினார். இதில் ஒரு பாடம் இருக்கிறது. அண்டை நாட்டு ஆட்சியோடு அரசு பேசத்தான் வேண்டும். தூதரகம் திறக்கத்தான் வேண்டும். மருந்தும் கோதுமையும் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் பேசும்போது கேட்க வேண்டியதைக் கேட்டால், கொஞ்சமாவது அசைகிறது.

ஆகவே நாம் கேட்பது இவை. மதமும் நாடும் பாராத அகதிகள் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும்; அதில் ஈழத் தமிழரும் அடங்க வேண்டும். 2021 ஆகஸ்டில், ஆப்கானியருக்கு முன்பு கொடுத்த விசாக்களை நம் அரசு செல்லாதென்று அறிவித்தது. படிக்க வழியற்ற ஆப்கன் பெண்களுக்காவது நம் கல்லூரிகளில் இடமும் உதவித்தொகையும் விசாவும் தர வேண்டும். அந்நாட்டுக்குச் செல்லும் உதவி ஆட்சியாளர் கைக்கன்று, மக்கள் வயிற்றுக்குப் போய்ச்சேரும்படி பார்க்க வேண்டும்.

அரசிடம் கேட்பது ஒருபுறம். நம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. நம் தெருவில் ஓர் ஆப்கன் குடும்பம் குடிவந்தால், தாடியைப் பார்த்துத் தீவிரவாதி என்று முணுமுணுக்கும் கூட்டத்தில் நம் வாயும் சேர்ந்துவிடக் கூடாது. அந்தத் தாடிக்காரர் பயங்கரவாதியிடமிருந்து தப்பி ஓடி வந்தவராக இருப்பார். அவர் பிள்ளை நம் பிள்ளையோடு தெருவில் பந்து விளையாடட்டும்.

வெறும் நல்ல எண்ணத்தால் போர் நிற்காது என்பதை அறிவோம். ஆனால் போர்களை நடத்துகிறவர்கள் எப்போதும் நம் போன்ற ஏழைகளின் வெறுப்பை விறகாகக் கேட்கிறார்கள். அந்த விறகை நாம் கொடுக்காமல் இருக்கலாம். இன்று மாலை அடுப்பில் குழம்பு கொதித்துப் பெருங்காயம் மணக்கும்போது, அதை வேரிலிருந்து கீறி எடுத்த கையை ஒரு கணம் நினையுங்கள். அந்தக் கையும் நம் கை போலக் காய்த்துப்போன கைதான்.